உம்மம்மாவின் பாயும் பாட்டும்: நம் இலக்கிய வரலாறு கேட்காத கேள்வி

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1572ஆம் ஆண்டில் தொடங்குவார்கள். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' அரங்கேறிய ஆண்டு அது. அங்கிருந்து உமறுப் புலவரின் சீறாப்புராணம், பிறகு மாலைகள், கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள் என்று வரிசை நீளும். பெண்கள் என்று வரும்போது தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், கீழக்கரை ஆசியா உம்மா ஆகிய ஞானப் பெண்களைச் சொல்வார்கள். அப்புறம் 1938இல், உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வந்த நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' நாவலைச் சொல்வார்கள்.

இந்த வரிசையில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. இவர்கள் எல்லாரும் அச்சில் ஏறியதால் நமக்குக் கிடைத்தவர்கள். அச்சில் ஏறாதவர்களை எங்கே வைப்பது? அதைக் கேட்கும்போதெல்லாம் சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட, நிலாவெளி வீதியோரம் இருந்த எங்கள் உம்மம்மாவின் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது.

உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. படிவம் நிரப்ப வந்தவர் "படிப்பு?" என்று கேட்டால், "அவ படிக்கல்ல" என்று எங்கள் உம்மா சொல்லிவிடுவார். அதே உம்மம்மா, கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'மகானி'யை மடியில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பார். அரபு எழுத்தில் இருந்தது தமிழ்தான். நோன்பின் சட்டம், ஸக்காத்தின் சட்டம் எல்லாம் அந்தக் கிதாபிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்தன. அரபுத்தமிழ் வாசித்த ஒருத்தியைப் படிக்காதவள் என்று பதிந்துகொண்டது ஏதோவோர் அலுவலகம் மட்டுமல்ல, அவர் பெற்ற பிள்ளைகளான நாமும்தான்.

அஸருக்குப் பிறகு பாயிழைப்பு. தம்பலகாமத்துப் பக்கமிருந்து பன் வரும். வெயிலில் காயவைத்து, கிழித்து, சாயம் போட்டு அவித்து எடுப்பார்கள். நாலைந்து பெண்கள் சுற்றியிருந்து இழைக்க, உம்மம்மா மாலை படிப்பார். யாராவது அவசரப்பட்டு முந்தினால், "பாட்டெண்டா மூச்சுவிட இடம் வேணும் புள்ள" என்று நிறுத்துவார். இதற்குப் பெயர் இலக்கிய விமர்சனம் இல்லையென்றால் வேறென்ன?

பாயிலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பேத்திமாரின் கலியாணப் பாய்களில் கைநிறைய நிறம் அள்ளிப் போடுவார். தொழுகைப் பாய் என்றால் கரையில் மட்டும் இரண்டு சிவப்புக் கோடு. நெற்றி படும் இடம் வெறுமையாக இருக்கும். ஏனென்று கேட்டேன். "சுஜூதுல கண்ணு பூவுக்குப் போகப்படாது மகன்" என்றார். எங்கே அழகு செய்வது, எங்கே கையை அடக்கிக்கொள்வது என்பதை அவருடைய ஈமானே தீர்மானித்தது. நாமோ அவரைப் பற்றிப் பேசினால் "நல்ல தொழுகையாளி" என்று முடித்துவிடுகிறோம். பக்தியைப் புகழ்ந்து கலையை மறந்துபோகிறோம்.

வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964), நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தேடல்கள் ஆகியவை இல்லையென்றால் கிழக்கின் வாய்மொழிப் பாடல்களில் பாதி மண்ணோடு போயிருக்கும். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: 'நாட்டார் பாடல்' என்ற பெயர் நமக்கொரு வசதியைத் தந்தது. பாடல் ஊருக்குச் சொந்தம் என்று சொல்லி, பாடியவளை மறந்துவிடும் வசதி. எந்த வரியை அவள் விட்டாள், எதை மாற்றினாள், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினாள் என்று நாம் கேட்பதில்லை.

பிறரைச் சொல்லி நான் தப்ப முடியாது. பதினெட்டு வயதில், வெளியூரில் ஓதிவிட்டு வந்த வேகத்தில், "மாலை படிக்கிறது பித்அத், வாணாம்" என்று உம்மம்மாவிடம் சொன்னவன் நான். மார்க்க வாதம் வேறு. அதை ஆலிம்கள் பேசட்டும். நான் செய்த பிழை, அதில் என்ன இருக்கிறதென்று ஒருநாள்கூட உட்கார்ந்து கேளாமலே நிறுத்தச் சொன்னது. அவர் என்னோடு தர்க்கிக்கவில்லை. அன்றிலிருந்து பாய் மட்டும் இழைத்தார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாங்கள் உயிரோடு தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். கிதாப்புகள் இருந்த ட்ரங்குப்பெட்டி போய்விட்டது. சில மாதம் கழித்து, ஆய்வுக்கென்று ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "படிங்க உம்மம்மா."

"வாணாமெண்டு நீதானே மகன் சொன்னாய்?"

கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு படித்தார். நாலாவது கண்ணியில் நின்றுவிட்டது. மீண்டும் தொடக்கத்திலிருந்து வந்தார். அதே இடத்தில் நின்றது. "கூட இருந்து படிக்க ஆளில்லாட்டி வருகுதில்ல" என்றார்.

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. ஏழு நிமிடம். அதில் மூன்று நிமிடம் மௌனம்.

நம் வீடுகளில் இன்னும் இருக்கும் உம்மம்மாமார், வாப்பும்மாமார் முன்னால் போய் உட்காருங்கள். பாட்டை மட்டும் எழுதாதீர்கள். பாடியவரின் பெயரை எழுதுங்கள். யாரிடம் கற்றார், எந்த வேலைக்கிடையில் படித்தார், ஏன் அப்படிப் படித்தார் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். தனியே இருத்திக் கேட்காமல், கூடப் படிக்க இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொள்ளுங்கள்.

உம்மம்மா கடைசியாக இழைத்த தொழுகைப் பாயில்தான் நான் இன்னும் தொழுகிறேன். கரைக் கோடு மங்கிவிட்டது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.