லாரி பெயர்ப்பலகை செதுக்க எந்த மென்பொருள்?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி, ரிக் வண்டி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சி.என்.சி. ரூட்டர் கட்டுவது பெரிய வேலை இல்லை. சட்டம் வெட்ட, வெல்டு வைக்க, லேத்தில் கடைந்துகொள்ளப் பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருக்கிறது. மோட்டார் சுழலத் தொடங்கிய பிறகுதான் திண்டாட்டம். கம்ப்யூட்டரில் எதைப் போடுவது?

ஆர்டுயினோ ஊனோ போர்டில், மோட்டார்களை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். நிரலை ஏற்றிய, ட்ரிம் ரூட்டர் பூட்டிய ஒரு வீட்டு மெஷினில், லாரி முகப்புக்கு ‘காளியம்மன் துணை’ என்று தேக்குப் பலகையில் செதுக்கிப் பார்த்தே மென்பொருள்களை எடைபோட்டேன். நம் ஊரில் இந்த மெஷினுக்கு முதலில் வரும் வேலை தமிழ் எழுத்துதான். அதைச் சரியாகச் செதுக்காத மென்பொருள் எவ்வளவு பெரியதானாலும் நமக்கு உதவாது.

இதில் வேலை மூன்று: படம் வரைவது, கத்தி போகும் வழியை ஜி-கோடாக மாற்றுவது, அந்தக் கோடை மெஷினுக்கு வரிவரியாக அனுப்புவது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

வரைய இங்க்ஸ்கேப் போதும். இலவசம், இணையம் வேண்டாம், யூனிகோடு தமிழ் உடையாமல் வருகிறது. தட்டச்சு செய்ததும் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோடாக்க வேண்டும். அதோடு நிறுத்தினால் பலகை கெடும். பல எழுத்துருக்களில் ‘ளி’யின் கொக்கி தனி வடிவமாக ‘ள’வின் மேல் ஏறி நிற்கும். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கத்தி அந்த இடத்தில் எழுத்துக்குள்ளேயே ஒரு கோடு போட்டுவிடும். ‘அன்குரூப்’ செய்து, ‘யூனியன்’ கொடுத்தால் இரண்டும் ஒரே வெளிக்கோடாகிவிடும். புள்ளியையும் பாருங்கள்: ‘ம்’மின் புள்ளி 2 மி.மீ. அகலம்தான் என்றால் 3 மி.மீ. கத்தி அதற்குள் இறங்காது. ‘காளியம்மன்’ ‘காளியமமன’ ஆகிவிடும். புள்ளியைப் பெரிதாக்குங்கள், அல்லது கூர்நுனி கொண்ட வி-பிட் போடுங்கள்.

வழி போட, முதல் வாரத்துக்கு ஈஸல். அமெரிக்காவின் இன்வென்டபிள்ஸ் நிறுவனம் தருவது. பிரவுசரில் திறக்கும், இடப்பக்கம் வரைபடம், வலப்பக்கம் வெட்டிய பிறகு பலகை எப்படி இருக்கும் என்ற தோற்றம். காணாமல் போன புள்ளி அங்கேயே தெரிந்துவிடும். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. குறை, இணையம் இல்லாமல் திறக்காது. எழுத்தைச் சரிவாகச் செதுக்கும் வி-கார்விங் கட்டணத் திட்டத்தில்தான் கிடைக்கும். கை பழகியதும் ஜெர்மனியிலிருந்து வரும் எஸ்ட்ல்கேமுக்கு மாறுங்கள். விண்டோஸில் இணையமில்லாமல் ஓடுகிறது, வி-கார்விங் வசதி உள்ளேயே இருக்கிறது.

அனுப்ப நான் தேர்ந்தெடுப்பது கனடாவின் சியன்சி லேப்ஸ் இலவசமாகத் தரும் ஜி-சென்டர். ‘அவுட்லைன்’ பொத்தானை அழுத்தினால் வேலையின் எல்லையைச் சுற்றிக் காட்டுகிறது. கிளாம்பில் கத்தி மோதுமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் எடை குறைந்த கேண்டில் போதும்.

அனுப்பும் மென்பொருள் எதுவானாலும், ஒவ்வோர் அச்சும் 1 மி.மீ. நகர எத்தனை ஸ்டெப் என்று ஜி.ஆர்.பி.எல்.லுக்குச் சொல்லும் $100, $101, $102 எண்களை முதலில் சரிசெய்யுங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப், ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் என்றால் 3200-ஐ 8-ஆல் வகுத்து 400. ஜி.ஆர்.பி.எல்.லில் முன்பே இருப்பது 250. அப்படியே விட்டால் 100 மி.மீ. போகச் சொன்னால் 62.5 மி.மீ.தான் போகும். பிழை மென்பொருளில் என்று நினைத்து நல்ல மென்பொருளைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

மாக்-3 போடும்படி பழைய ஆட்கள் சொல்வார்கள். அதன் பேரலல் போர்ட் வழி 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட்டே இல்லை. முப்பரிமாண வடிவமைப்புக்கான பியூஷன் அருமையான மென்பொருள், ஆனால் பெயர்ப்பலகைக்கு அது அதிகம். இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். வெட்டாமல் நகரும் வேகத்தையும் குறைத்துவிட்டார்கள். முப்பரிமாணச் சிற்பம் உங்கள் கனவென்றால் பிறகு பார்க்கலாம். தம்மம்பட்டி மரச்சிற்பிகளின் உளி வேலைக்கு அதுவும் ஈடாகாது என்பது வேறு.

மின்தடை நம் பக்கம் பழகிய விஷயம். பாதியில் கரண்ட் போனால் மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஆனால் பலகையில் நீங்கள் வைத்த பூஜ்யப் புள்ளியை ஜி.ஆர்.பி.எல். நினைவில் வைத்திருக்கும். மூன்று அச்சிலும் லிமிட் ஸ்விட்ச் இருந்தால், கரண்ட் வந்ததும் ஹோமிங் செய்து, ஜி-சென்டரில் விட்ட வரிக்குச் சற்று முன்னிருந்து தொடரலாம். ஸ்விட்ச் இல்லையென்றால் அந்தப் பலகை விறகுதான். எஸ்ட்ல்கேம் உரிமத்துக்குக் காசு ஒதுக்குமுன் அந்த ஸ்விட்ச்சுகளை வாங்குங்கள். எஸ்ட்ல்கேமின் சோதனைப் பதிப்பில் எல்லா வசதியும் திறந்தே இருக்கிறது, கோப்பு சேமிக்கும்போது காக்க வைக்கும், அவ்வளவுதான். முதல் லாரிக்காரர் பணம் கொடுத்த பிறகு உரிமம் வாங்கிக்கொள்ளலாம்.