டிஎஃப்வி: வெற்றிக் கதையில் விடுபட்ட பல்சக்கரம்

காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினைப் பற்றி எதைப் படித்தாலும் கதை ஒன்றுதான். 1967 ஜூன் 4, சான்ட்வூர்ட், டச்சு கிராண்ட் பிரி. புது எஞ்சின், புது லோட்டஸ் 49 கார், முதல் ரேஸிலேயே ஜிம் கிளார்க் ஜெயிக்கிறார். காரணம் கேட்டா, சிலிண்டருக்கு நாலு வால்வு என்பார்கள். அது 1912-லேயே பெஜோ ரேஸ் காரில் வந்துவிட்டது. கீத் டக்வொர்த் செய்தது வேறு: வால்வுகளுக்கு இடையே இருந்த கோணத்தைக் குறைத்து, எரி அறையைத் தட்டையாகவும் சிறிதாகவும் ஆக்கினார்.

என் குறை இதுதான். அதே நாள், அதே எஞ்சினோடு, முதல் இடத்திலிருந்து கிளம்பி முன்னணியில் ஓடிய கிரஹாம் ஹில் சீக்கிரமே நின்றுவிட்டார். அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். உடைந்தது கேம்ஷாஃப்டை ஓட்டும் பல்சக்கரம். வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும்போது கேம்ஷாஃப்டுக்கு எதிர்விசை வரும். ஸ்பிரிங் விரியும்போது அதுவே முன்னால் தள்ளும். எஞ்சின் நிமிஷத்துக்கு 9,000 சுற்று ஓடும்போது இந்த இழுபறியைப் பற்கள் தாங்கவில்லை. பிறகு டக்வொர்த் ஒரு பல்சக்கரத்துக்குள்ளேயே, முறுக்கத்தை வாங்கிக்கொள்ளும் மெல்லிய தண்டுகளை வைத்துத்தான் இதை அடக்கினார்.

வழிவந்த வடிவத்தையும் சேர்த்தால் மொத்தம் 155 வெற்றிகள். கடைசி வெற்றி 1983-ல் டெட்ராய்டில். அவற்றில் பெரும்பகுதி அந்தத் திருத்தத்தின் மேல் நிற்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான்: ரிலீஸ் அன்னைக்கு கேக் வெட்டுவோம், அதற்குப் பிறகு மூணு மாசம் பிழை திருத்தியதை யாரும் எழுதி வைப்பதில்லை. எஞ்சின் வரலாறும் அப்படியே எழுதப்பட்டால், அடுத்து எஞ்சின் செய்யப்போகிறவருக்கு அதில் கத்துக்க என்ன இருக்கு?