கருவி வந்தது; கல்வி வந்ததா?

புதுப் பொறி ஒன்று பிறக்கும்போதெல்லாம், "பள்ளிக்கூடத்துக்கு விடிவுகாலம் வந்துவிட்டது!" என்று பறைசாற்றுவோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்க நாட்டிலே அந்தப் பறை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்து வருகிறது. பாடநூல்கள் பள்ளியைவிட்டு விரைவில் விடைபெறும், திரைப்படம் ஆசானாகும் என்று 1913ஆம் ஆண்டிலேயே கூறினார் எடிசன். மேதையின் வாக்கு, நாடு நம்பிற்று. திரைப்படம் வந்தது, பாடநூல் போகவில்லை. வானொலி வந்தது, கரும்பலகை அகலவில்லை. தொலைக்காட்சி வந்தது, ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. பின்னர்க் கணிப்பொறி வந்தது. இன்று கைக்கு அடக்கமான பலகைக் கணினி வந்திருக்கிறது. பறையும் ஓயவில்லை, பள்ளியின் குறைகளும் ஓயவில்லை.

ஏன் இந்த நிலை? இதற்கு விடை காண முயன்றவர்களுள் முதன்மையானவர் லாரி கியூபன். பதினான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறும் சமூக அறிவியலும் கற்பித்தவர். வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டன் பள்ளி மாவட்டத்தை ஏழாண்டுக் காலம் தலைமையேற்று நடத்தியவர். அதன் பின்னரே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். சுண்ணக்கட்டி பிடித்த கை, வரவு செலவுக் கணக்கில் கையொப்பமிட்ட கை, ஆராய்ச்சி நூல் எழுதிய கை, மூன்றும் ஒரே கை! ஆகவே அவர் சொல்வதை அலட்சியம் செய்வதற்கில்லை. அவருடைய நூல்கள் இரண்டை ஈண்டு ஆராய்வோம்.

முதல் நூல் 1986இல் வெளிவந்த 'ஆசிரியர்களும் இயந்திரங்களும்'. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் அமெரிக்கப் பள்ளிக்குள் நுழைந்த வரலாற்றை இது கூறுகிறது. மூன்றின் கதையும் ஒன்றே என்று காட்டுகிறார் ஆசிரியர். முதலில் ஆரவாரம், அடுத்து, 'பயன் உண்டு' எனச் சான்று கூறும் ஆய்வுகள், அதற்கடுத்து ஏமாற்றம், முடிவில் பழி. பழி யார்மீது? பொறியை விற்றவர்மீதா? வாங்க ஆணையிட்டவர்மீதா? இல்லை. "இந்த ஆசிரியர்கள் பழமைப் பித்தர்கள், புதுமைக்கு அஞ்சுபவர்கள்" என்று வகுப்பறையில் நிற்பவன்மீதே பழி!

இதற்கு அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று அமெரிக்கச் சமோவாத் தீவுகளின் கதை. அங்கே ஆளுநராயிருந்த ரெக்ஸ் லீ, 1964இல் தொலைக்காட்சியையே கல்வியின் நடுநாயகமாக்கினார். நிலையத்திலிருந்து பாடம் புறப்படும். வகுப்பிலுள்ள ஆசிரியர் அதற்குத் துணை நிற்பார். உலகமே வியந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆசிரியர்களும் மாணவர்களும் சலித்தனர். பத்தாண்டு கழிவதற்குள் தலைமையிடத்தில் இருந்த தொலைக்காட்சி துணையிடத்துக்கு இறங்கிற்று. கேளாமல் கொடுத்த விருந்து. உண்பவர் பசியை அறியாமல் சமைத்த உணவு!

இரண்டாம் நூல் 2001இல் வந்தது. 'பெரிதாய் விற்றது, சிறிதாய்ப் பயன்பட்டது' என்பது அதன் தலைப்பின் கருத்து. கணிப்பொறித் தொழிலின் தாயகமாகிய சிலிக்கான் பள்ளத்தாக்கிலே, மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை அவர் நேரில் சென்று கண்டதை இது உரைக்கிறது. பொறிக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் அது. அங்கேயே நிலைமை என்ன? ஆசிரியர்கள் வீட்டில் கணிப்பொறியைப் பயன்படுத்துகின்றனர், பாடக்குறிப்பு எழுதுகின்றனர், மதிப்பெண் பட்டியல் ஆக்குகின்றனர். வகுப்பறையில் மட்டும் அஃது எப்போதோ ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி. வந்தபோதும் பழைய பாடமுறையை மாற்றவில்லை, அதற்கு ஒத்தூதிற்று. அச்சம் காரணமன்று, அறியாமையும் காரணமன்று. ஒரு நாளில் பல வகுப்புகள், மணியடித்தால் மாறும் பாடவேளை, தலைக்கு மேல் தொங்கும் தேர்வு, பழுதானால் பார்க்க ஆளில்லாத பொறி, இவைதாம் காரணம் என்கிறார். ஆசிரியன் நெஞ்சறிந்து எழுதிய வரிகள் அவை. நாள்தோறும் கரும்பலகையின்முன் நிற்கும் எனக்கு அவற்றின் உண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒரு கேள்வி எழுகிறது. நிறைந்த வட்டாரத்தில் கண்ட முடிவை வறண்ட வட்டாரத்துக்கும் நீட்டலாமா? வயிறு நிரம்பியவன் உணவை ஒதுக்குகிறான் என்பதைக் காட்டி, பட்டினி கிடப்பவனுக்கு உணவு வேண்டா என்று கூறலாமா? கியூபன் அவ்வாறு கூறவில்லை; பள்ளியின் பணி குடிமக்களை உருவாக்குவது என்பதை அழுத்தமாகவே சொல்கிறார். ஆனால் அவர் நூலைக் கையில் ஏந்திக்கொண்டு, 'கணிப்பொறியால் பயனில்லை. காசு கொடுக்கத் தேவையில்லை' என்று வாதிட எண்ணுவோருக்கு அந்நூல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இதுவே அதன் குறை.

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த தனி ஆட்சி அமைப்பு அது. பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுத்த குழு அதனை நடத்தும். நாடெங்கும் 13,000க்கு மேற்பட்ட மாவட்டங்கள். பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு மாநிலத்திலிருந்தும் உள்ளூர் வரியிலிருந்தும் வருகிறது. உள்ளூர் வரியோ வீடு நிலங்களின் மதிப்பைப் பொறுத்தது. மாளிகைகள் நிறைந்த ஊரின் பள்ளிக்கு மாளிகைப் பணம். குடிசைகள் நிறைந்த ஊரின் பள்ளிக்குக் குடிசைப் பணம்! இந்த ஏற்றத்தாழ்வின் நடுவே சந்தைக்கே விட்டிருந்தால், பொறி யார் கைக்குப் போயிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கேதான் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வருகிறது. அதன் வழியே பிறந்த 'ஈ-ரேட்' என்னும் திட்டம், பள்ளிகளும் நூலகங்களும் இணைய இணைப்புப் பெறுவதற்கு 20 முதல் 90 விழுக்காடு வரை கழிவு அளித்தது. கழிவின் அளவை முடிவு செய்தது எது? அந்தப் பள்ளியில் இலவச உணவுக்கும் குறைந்த விலை உணவுக்கும் தகுதி பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் கணக்கு. ஏழ்மை மிகுந்தால் கழிவும் மிகும்; சிற்றூராயின் இன்னும் சற்றுக் கூடும். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் நிதியிலிருந்து ஆண்டுக்கு 225 கோடி டாலர் இதற்கென ஒதுக்கப்பட்டது. 2014 இறுதியில் அந்த வரம்பு 390 கோடியாக உயர்ந்தது. 1994இல் அமெரிக்க அரசுப் பள்ளி வகுப்பறைகளில் 3 விழுக்காட்டுக்கே இணைய இணைப்பு இருந்தது. 2005இல் அது 94 விழுக்காடு. இந்த நிதியே சட்டத்துக்குப் புறம்பானது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2025 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. 'எவன் ஏழையோ அவனுக்கு அதிகம்' என்னும் நெறியைச் சட்டமாக்கினால் என்ன நிகழும் என்பதற்கு இது சான்று.

ஆனால் இந்த நல்ல சட்டத்திலும் ஓர் ஓட்டை. அதை அடைக்காமல் விட்டதே இன்றைய துன்பத்தின் வேர் என்பேன்.

தொடக்கத்தில், கழிவு வேண்டும் மாவட்டம் தொழில்நுட்பத் திட்டம் ஒன்றை எழுதி ஒப்புதல் பெற வேண்டும் என்று விதி இருந்தது. ஐந்து கூறுகள் கேட்கப்பட்டன: குறிக்கோள் என்ன? ஆசிரியருக்குப் பயிற்சி எப்படி? தேவை எவ்வளவு? பணம் எங்கிருந்து? பயனை அளப்பது எவ்வாறு? நன்று, மிக நன்று! ஆனால் பணம் கொடுக்கும்போது என்ன செய்தனர்? கம்பிக்குக் கொடுத்தனர், இணைப்புக்குக் கொடுத்தனர், ஆசிரியர் பயிற்சிக்கு அந்த நிதியிலிருந்து ஒரு காசும் இல்லை. பயிற்சியைத் தாளில் எழுதச் சொன்ன கை, பயிற்சிக்குப் பையைத் திறக்கவில்லை. தாளில் எழுதுவது சடங்காயிற்று. இறுதியில் அந்த விதியையே 2014இல் நீக்கிவிட்டனர். சடங்கை ஒழித்தது சரி. சடங்குக்குள் சிறைப்பட்டிருந்த சிந்தனையும் சேர்ந்தல்லவா போயிற்று!

பயிற்சிக்குப் பணம் தந்த சட்டம் ஒன்றும் இருந்தது. 2002இல் கையொப்பமான கல்விச் சட்டத்தின் ஒரு பகுதி, தொழில்நுட்பத்துக்காக அளிக்கும் பணத்தில் நான்கில் ஒரு பங்கையேனும் ஆசிரியர் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர். பிறகு தேய்ந்தது; 2009இல் பொருளாதார மீட்புக்காக 65 கோடி ஒருமுறை வந்தது; 2011இல் அறவே நின்றது. கம்பி வாழ்கிறது; பயிற்சி மாண்டது!

இதன் விளைவைப் பார்க்க விரும்புவோர் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் செல்லட்டும். நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டம் அது. ஒவ்வொரு மாணவர்க்கும் ஓர் ஐபேடு என்று 2013இல் முழங்கினர். முதற்கட்ட ஒப்பந்தம் 3 கோடி டாலர். முழுத்திட்டமோ 100 கோடியைத் தாண்டும். நோக்கம் இழிவானதன்று, செல்வர் பிள்ளையின் கையில் உள்ளது ஏழைப் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும் என்றே கூறினார்கள். ஆனால் பள்ளிக் கட்டடங்களுக்கென மக்கள் ஒப்புதலளித்த கடன் பத்திரப் பணம், சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் கருவிக்குத் திருப்பப்பட்டது. உள்ளே இருக்க வேண்டிய பாடமென்பொருளோ வாங்கும்போதே முற்றுப்பெறவில்லை. கருவிகள் கைக்கு வந்த சில நாள்களிலேயே மூன்று பள்ளிகளில் சுமார் 300 மாணவர்கள் பூட்டை உடைத்து, தடுக்கப்பட்ட தளங்களுக்குள் உலவினர். மறு ஆண்டு, ஆய்வுக் குழுவினர் 245 வகுப்பறைகளைச் சென்று பார்த்தனர். அந்தப் பாடமென்பொருளைப் பயன்படுத்திய வகுப்பறை எத்தனை? ஒன்று! 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஜான் டீசி பதவி விலகினார். 2015இல் பாடமென்பொருளுக்காக 64 இலட்சம் டாலரைத் திரும்பப் பெற உடன்பாடு கண்டனர். பணத்தில் சிறுபகுதி திரும்பலாம். அந்தப் பிள்ளைகளின் ஓராண்டு திரும்புமா?

கியூபனின் நான்கு படிகளும் அங்கே அப்படியே நிகழ்ந்தன. ஆனால் நூலில் இல்லாத பாடம் ஒன்றும் உண்டு: அங்கே தோற்றது ஏழைக்கும் கருவி வேண்டும் என்னும் கொள்கையன்று, ஆசிரியரைக் கேளாமல் வாங்கும் ஆணவமே.

மறுபக்கத்தையும் பார்ப்போம். மெய்ன் மாநிலத்து ஆளுநர் ஆங்கஸ் கிங், 2002இல் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் மடிக்கணினி கொடுத்தார். பயிற்சியைத் திட்டத்தின் உறுப்பாகவே வைத்தனர். மாணவரின் எழுத்துத் திறன் உயர்ந்திருப்பதாக 2007இல் ஆய்வு அறிவித்தது. வட கரோலினாவின் மூர்ஸ்வில் மாவட்டமோ, மாணவர் தலைக்குச் செலவிடுவதில் அம்மாநிலத்தில் கடைசி வரிசையில் இருந்தது. அங்கே மார்க் எட்வர்ட்ஸ் என்பார் 2007இல் பொறுப்பேற்று, கணினியோடு பயிற்சியையும் ஆண்டுதோறும் விடாது நடத்தினார். மதிப்பெண் வரிசையில் மாவட்டம் முன்னணிக்கு வந்தது. 2013இல் குடியரசுத் தலைவர் ஒபாமாவே அங்குச் சென்றார். ஆயினும் புகழ்மாலைக்குள் ஒரு முள்ளும் உண்டு: அதே ஆண்டுகளில் அங்கே ஆசிரியர் பணியிடங்கள் குறைந்தன, வகுப்புகள் பெருத்தன. பொறி வாங்க ஆளைக் குறைத்தால், அந்தக் கணக்கையும் வெற்றிக் கணக்கின் அருகிலேயே எழுதத்தான் வேண்டும்.

2020இல் கொள்ளைநோய் வந்து பள்ளிகள் மூடியபோது, நடுவண் அரசு மூன்று சட்டங்கள் வழியே ஏறத்தாழ 19,000 கோடி டாலரைப் பள்ளிகளுக்கு வழங்கிற்று. கருவிகள் குவிந்தன. அந்தப் பணத்தை உறுதிசெய்யும் இறுதி நாள் 2024 செப்டம்பர் 30. நாள் கடந்தது, கருவிகள் நிற்கின்றன. கணினிக்கும் மூப்பு உண்டு, சாக்காடு உண்டு. குரோம்புக் கணினிகளுக்கு மென்பொருள் புதுப்பித்தல் நிற்கும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. நல்ல உடலோடு அவை குப்பைக்குச் செல்வதைக் கண்டித்து எழுந்த குரலின் பின்னரே, 2023 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் அந்தக் காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது. வாங்கும் விலை முதற்செலவு மட்டுமே. பழுது பார்ப்பவன் கூலி, புதுப்பிக்கும் செலவு, பயிற்சியின் செலவு, பயிற்சிக்குச் செல்லும் ஆசிரியரின் வகுப்பை ஏற்பவர் ஊதியம், இவை யாவும் சேர்ந்ததே உண்மை விலை. திருமணச் செலவைக் கணக்கிட்டுக் குடும்பச் செலவை மறந்தவன் கதையாகலாமா?

கியூபனின் நூல்களைப் படியுங்கள் என்றே கூறுவேன். ஆசிரியன்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்த கை அது. அதற்காக நன்றி கூறுவோம். 2018இல் எழுதிய மற்றொரு நூலில், கருவியைத் திறம்படக் கையாளும் ஆசிரியர்களைத் தேடிச் சென்று கண்டு எழுதிய நேர்மையும் அவருக்கு உண்டு. ஆனால் 'கருவி பயன்பட்டதா?' என்னும் அவர் கேள்விக்கு முன்னால் இரு கேள்விகளை வைத்துப் படியுங்கள். அது யாருக்குக் கிட்டாமல் இருந்தது? வாங்குமுன் யாரைக் கேட்டார்கள்? முதற்கேள்வியை விட்டால், ஏழைப் பிள்ளையின் உரிமையை மறப்போம். இரண்டாவதை விட்டால், அந்த உரிமையை விற்பனையாளனின் பைக்குள் போட்டுவிடுவோம்.

திட்டம், பணம், பயிற்சி, இம்மூன்றும் முக்காலியின் மூன்று கால்கள். இரண்டு காலில் முக்காலி நிற்காது. விழும்போது அடிபடுவது அதைச் செய்தவனுமல்லன், வாங்கியவனுமல்லன்; அதன்மேல் ஏறி உயரத்தை எட்ட நினைத்த பிள்ளையே!