ஃபிகர் எயிட் டிசெண்டர்கள்: பாறைக்கு எது, குகைக்கு எது?

கயிற்றில் இறங்குவதற்கான கருவிகளில் ஃபிகர் எயிட் அளவுக்கு எளிமையானவை குறைவு. பெரிய வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று, நடுவில் கழுத்து. அசையும் பாகம் எதுவும் கிடையாது. பழுதாக ஸ்பிரிங்கோ கைப்பிடியோ இல்லை. விலையும் கைக்கு அடக்கம். மலையேற்றப் பயிற்சி முகாமுக்குப் போகிற பலரும் முதலில் கையில் வாங்கும் டிசெண்டர் இதுதான். ஆனால் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் வட்டம், சதுரம், காது வைத்தது, கொம்பு வைத்தது என்று விதவிதமாக இருக்கின்றன. எதை எடுப்பது?

நான்கு வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். சாதாரண வட்ட எயிட், பெட்ஸல் நிறுவனத்தின் சதுர வாக்கிலான ‘உயிட்’, காது வைத்த ரெஸ்க்யூ எயிட், கேன்யனிங்குக்காக பெட்ஸல் செய்யும் ‘பிரானா’. கருங்கல் பாறையில், 10.5 மி.மீ., 9 மி.மீ. ஸ்டாடிக் கயிறுகளில், முதலில் காய்ந்த கயிற்றிலும் பிறகு நனைத்துச் சேறு பூசிய கயிற்றிலும் இறங்கிப் பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10.5 மி.மீ. கயிற்றில் நேராக இறங்கிக்கொண்டிருக்கும்போது இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாமே வழவழவென்று இறக்கிவிடும். முக்கியமாக வித்தியாசம் தெரிவது இரண்டு கட்டங்களில்: கயிற்றைக் கருவியில் மாட்டும்போது, பாறை விளிம்பைத் தாண்டும்போது. ஃபிகர் எயிட்டை எடைபோட வேண்டியது அங்கேதான்.

மாட்டுவதில் உள்ள ஆபத்து

கயிற்றை மடித்துப் பெரிய வளையத்துக்குள் நுழைத்து, சின்ன வளையத்தின் மேலாக எடுத்துக் கழுத்தில் போட வேண்டும். பிறகு சின்ன வளையத்தை லாக்கிங் கராபைனரில் மாட்டி ஹார்னஸோடு சேர்க்க வேண்டும். சாதாரண எயிட்டில், சின்ன வளையம் கராபைனரில் இருக்கும்வரை கயிற்றைக் கழுத்துக்குக் கொண்டுபோக முடியாது. கருவியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கை நழுவினால் எயிட் கீழே போய்விடும்.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி ஒன்று உண்டு. முதலில் பெரிய வளையத்தைக் கராபைனரில் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்படியே கயிற்றை நுழைத்துக் கழுத்தில் போட்ட பிறகு, பெரிய வளையத்தை விடுவித்துச் சின்ன வளையத்தை மாட்ட வேண்டும். மாற்றுகிற அந்த நொடியில் எயிட்டைக் கயிறே பிடித்துக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வட்ட எயிட், உயிட், ரெஸ்க்யூ எயிட் மூன்றுக்கும் இது பொருந்தும்.

பிரானாவுக்கு இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. கயிற்றை மாட்டும்போதும் கழற்றும்போதும் அது ஹார்னஸை விட்டு வருவதில்லை. கராபைனர் நகராமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் உள்ளேயே இருக்கிறது. அந்த அமைப்பின் அருமை, சாதாரண எயிட்டைப் பயன்படுத்தும்போதுதான் தெரிகிறது. கயிறு தொய்ந்திருக்கும் நேரத்தில் எயிட் புரண்டு, கராபைனரின் கேட் மீது படுத்துக்கொள்ளும். அந்த நிலையில் உடல் எடை விழுந்தால் அது நெம்புகோலாக மாறி கேட்டை உடைத்துத் திறக்கவும் கூடும். எனவே எந்த எயிட் ஆனாலும் எடையை அதில் முழுசாக ஏற்றி, கராபைனர் நீளவாக்கில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் பாதுகாப்பு லேன்யார்டைக் கழற்ற வேண்டும்.

விளிம்பில் நடப்பது

பாறையின் மேல்விளிம்பில் நிற்கிறீர்கள். ஆங்கர் உங்கள் காலடி மட்டத்தில் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே உடம்பை இறக்கும்போது கயிறு பாறையின் முனையில் அழுந்தும். கழுத்தில் இருக்கும் கயிற்று வளைவை அந்த முனை மேல்நோக்கித் தள்ளும். வட்ட எயிட்டின் தோள் வழுவழுப்பாக இருப்பதால், வளைவு மெல்ல ஏறிப் பெரிய வளையத்தின் உச்சியைத் தாண்டிவிடும். தாண்டியதும் அது சுருக்கு முடிச்சாக இறுகிக்கொள்ளும். அதற்கு மேல் கீழேயும் இறங்க முடியாது, கையால் தளர்த்தவும் முடியாது. மேலே கயிற்றில் புருசிக் முடிச்சுப் போட்டு, அதில் காலை ஊன்றி எழுந்து எடையை எடுத்தால்தான் விடுதலை. புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரும் சோதனை.

உயிட்டின் சதுரத் தோள் இந்த ஏற்றத்தைப் பெருமளவு தடுக்கிறது. சுமார் 100 கிராம் எடையில் இது பெரிய ஆதாயம். ரெஸ்க்யூ எயிட்டின் காதுகள் இன்னும் திடமாகத் தடுக்கின்றன. நடுவழியில் நின்று இரு கைகளையும் விடுவிக்கவும் அந்தக் காதுகளில் கயிற்றைச் சுற்றிப் பூட்டுவது சுலபம். ஆனால் அலுமினியத்தில் செய்ததே கைக்குக் கனமாக இருக்கிறது. எஃகில் செய்தால் இரண்டு மடங்குக்கும் மேல். மீட்புப் பணியில் இரண்டு பேர் எடையை இறக்க அந்தப் பருமன் தேவை. தனியாக இறங்கும் ஏறுநருக்கு அது வீண் சுமை. பிரானாவின் கொம்புகள் இந்தச் சுருக்கையும் தடுக்கின்றன, இறங்கும் வழியில் கயிற்றை அவற்றில் போட்டு பிரேக்கைக் கூட்டிக்கொள்ளவும் உதவுகின்றன. 9 மி.மீ. கயிற்றில் இதன் பலன் நன்றாகத் தெரிந்தது. வட்ட எயிட்டில் அதே கயிறு கையைவிட்டு ஓடப் பார்த்தது.

சூடு, தேய்மானம், முறுக்கு

80 கிலோ எடையுள்ள ஒருவர் 50 மீட்டர் இறங்கினால் சுமார் 39,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். 100 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 90 ஜூல் போதும். அத்தனை வெப்பமும் உலோகத்திலேயே தங்கினால் 400 டிகிரிக்கு மேல் போய்விடும். கயிறும் காற்றும் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் வேகமாக இறங்கினால் கை வைக்க முடியாத சூடு வந்துவிடுகிறது. நைலான் சுமார் 220 டிகிரியில் உருகும். சில ஸ்லிங்குகளில் வரும் டைனீமா இழை 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆகவே நிதானமாக இறங்குங்கள். தரையைத் தொட்டதும் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். டிசெண்டரை ஸ்லிங் வைத்து நீட்டி மாட்டுவதானால் நைலான் ஸ்லிங்காக இருக்கட்டும்.

சேறு பூசிய கயிறு அலுமினியத்தை அரம்போல் அராவுகிறது. கழுத்தில் பள்ளம் விழுந்து, அதன் ஓரம் விரலில் கூராகத் தட்டுப்பட்டால் அந்த எயிட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

முறுக்கு, எயிட்டோடு பிறந்த குணம். கயிறு வளையத்துக்குள் நுழைந்து கழுத்தைச் சுற்றி வரும்போது தானும் திரும்புகிறது. அந்த முறுக்கு கீழ்நோக்கிச் சேர்ந்துகொண்டே போகும். கயிற்றின் நுனி தொங்கலாக இருந்தால் அவிழ்ந்துவிடும். கட்டியிருந்தால் சுருண்டு மடிந்து நிற்கும். உயிட்டில் முறுக்கு ஓரளவு குறைகிறது, முழுசாகப் போவதில்லை.

குகைக்குள்

குகையில் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றுகூடிவிடுகின்றன. ஆழமான செங்குத்துக் குழியில் கயிறு பாறையில் உரசாமல் இருக்க, வழியில் ஆங்காங்கே மறுபடியும் ஆங்கர் அடித்துக் கட்டுவார்கள். ரீபிலே என்பது அதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் லேன்யார்டில் தொங்கியபடி, மேல் கயிற்றிலிருந்து டிசெண்டரை எடுத்துக் கீழ்க் கயிற்றில் மாட்ட வேண்டும். இருட்டு, கையுறை, சேறு. கீழே தொங்கும் கயிற்றின் எடை வேறு. இந்த நிலையில் ஹார்னஸிலிருந்து கழற்றி மாட்ட வேண்டிய கருவியோடு ஒவ்வொரு ரீபிலேயிலும் போராடுவது நியாயமில்லை. கயிற்று நுனியும் அங்கே கட்டப்பட்டிருப்பதால் முறுக்கு போக வழியில்லை.

ஐரோப்பியக் குகையாளர்கள் பாபின் வகைக்குப் போனதற்கு இது முக்கியக் காரணம். பெட்ஸலின் ‘சிம்பிள்’, ‘ஸ்டாப்’ இரண்டிலும் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து கயிற்றை வைத்து மூடினால் போதும். கருவி ஹார்னஸிலேயே இருக்கும். அமெரிக்கர்கள் வேறு வழி கண்டார்கள். 1966-இல் ஜான் கோல் உருவாக்கிய ராப்பெல் ரேக்கில், கம்பிகளைக் கூட்டியோ குறைத்தோ பிரேக்கை மாற்றலாம். மெக்சிகோவின் கோலோந்ரினாஸ் குழியில் ஒரே மூச்சில் 333 மீட்டர் இறங்க வேண்டும். 11 மி.மீ. கயிறு அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ. மேலே இருக்கும்போது அந்த எடையே பிரேக்காகிவிடும். கயிற்றைக் கையால் தூக்கித் தூக்கி ஊட்ட வேண்டியிருக்கும். கீழே போகப் போக எடை குறைந்து, பிரேக் போதாமல் போகும். இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்க வட்ட எயிட்டில் வழியில்லை.

யார் எதை வாங்கலாம்

பாறையில் மட்டும் இறங்குகிறவர், பயிற்சி முகாமுக்குப் போகிறவர்: உயிட். வட்ட எயிட்டைவிடச் சற்றுக் கூடுதல் விலை என்றாலும் அந்தச் சதுரத் தோளுக்குக் கொடுக்கலாம்.

அருவி, ஓடைப் பள்ளத்தாக்கு, ரீபிலே இல்லாத சிறு குகை இறக்கம்: பிரானா. நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மீட்புக் குழு: காது வைத்த ரெஸ்க்யூ எயிட்.

ரீபிலே உள்ள செங்குத்துக் குகை: எந்த எயிட்டும் வேண்டாம். பாபின் வாங்குங்கள், இறங்கப்போகும் முன் வெளியே பாறையில் அதில் நன்றாகக் கைபழகுங்கள்.

எயிட்டில் கையை விட்டால் அது தானாக நிற்காது என்பதை மறக்கக் கூடாது. டிசெண்டருக்குக் கீழே, ஹார்னஸின் கால் வளையத்தில், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் ஆட்டோபிளாக் சுற்று, கயிற்று நுனியில் முடிச்சு, இரண்டும் கட்டாயம். கருவி தொலைந்தால் கராபைனர் ஒன்றை மட்டும் வைத்து மண்டர் ஹிட்ச் முடிச்சுப் போட்டு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கையுறை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். கருவி கையைவிட்டு நழுவினால் அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.