வரிகளுக்கு அடியில் ஒலிக்கும் தாளம்: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வாசிப்பு

கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு இசைவிழா, ராக் குழுக்களை மீனவர் குப்பத்து மணலுக்குக் கொண்டுவந்தது. எதிர்த்திசைப் பயணமும் பின்னர் நிகழ்ந்தது: சாவு வீட்டுத் தெருவின் சட்டியும் கட்டமோளமும் ராக் மேடை ஏறின. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது.

கானா நெடுங்காலம் இரைச்சலென ஒதுக்கப்பட்டது. 1990களில் தேவாவின் திரையிசை வழியே பரவியபோதும் கேலிக்கும் குத்தாட்டத்துக்கும் உரியதாகவே பெரிதும் கொள்ளப்பட்டது. இக்குழுவைப் போற்றியோரும் பாடல் வரிகளின் சாதி எதிர்ப்பையே மிகுதியாகப் பேசினர். வாசிப்பைப் பேசியது குறைவு. இதுவும் ஒருவகைப் புறக்கணிப்பே. சற்று நாகரிகமானது, அவ்வளவுதான்.

ராக் இசையில் கீழ்நாதம் பேஸ் கிதாருக்கும் டிரம்ஸின் கால்முரசுக்கும் உரியது. இங்கே அவ்விடத்தில் கட்டமோளம் முன்பே அமர்ந்திருக்கிறது. மெல்லிய குச்சிகளால் அடிக்கப்படும் சட்டியோ ஆறெண்ணிக்கைச் சுழற்சியை மேலே இடைவிடாது நெய்கிறது. எனவே பிற கருவிகள் இடைவெளி தேடியே ஒலிக்க வேண்டியுள்ளது. இசைவாணி முதலிய கானாப் பாடகர்கள் வரியின் ஈற்றை அடிக்குப் பின்னும் இழுக்கையில் சட்டி காத்திருப்பதில்லை. பாடகரே அடுத்த சுற்றில் வந்து சேர்கிறார். (இறந்தவர் உடலருகே இரவு முழுதும் பாடியும் வாசித்தும் வளர்ந்த மரபின் பயிற்சி இது.) டென்மாவின் இசைக்கோர்ப்பு இம்முன்னுரிமையை மதிக்கும் இடங்களில் வெல்கிறது, மின்கிதார் முழுவதையும் நிறைக்கும் இடங்களில் சட்டி வெறும் அடையாளச் சின்னமாகச் சுருங்குகிறது.