சிகரெட் கேட்ட சாமியார்

கேலி செய்கிறவனிடம் நம்பிக்கை இருக்க முடியாது என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. மதத்தைப் பற்றி எழுதுகிறவன் ஒன்று பக்தனாக இருக்க வேண்டும், அல்லது பகுத்தறிவுவாதியாக. முன்னவன் கண்ணீர் விடுவான், பின்னவன் சிரிப்பான். இந்தப் பாகப்பிரிவினைக்குள் அடங்காத ஒரு ஜாதி ஐரோப்பியக் கத்தோலிக்கரிடையே உண்டு. மேற்றிராணியாரைப் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடுகிற, ஆனால் அவர் மோதிரத்தை முத்தமிடத் தவறாத பழைய கத்தோலிக்கன். ஆங்கிலத்தில் இந்த ஜாதியின் உச்சம் ஈவ்லின் வாஹ். அவருடைய வர்க்கத் திமிரும், வெள்ளைத் தோல் இல்லாதவர்கள்பால் அவருக்கிருந்த அலட்சியமும் எனக்குச் சகிக்க முடியாதவை. அதையும் மீறி அவரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்றால், பாவசங்கீர்த்தனம் என்ற விஷயத்தை இத்தனை வேடிக்கையாகவும், வேடிக்கைக்கு அடியில் இத்தனை பயத்தோடும் எழுதியவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதனால்தான்.

வாஹ் பிறவிக் கத்தோலிக்கர் அல்ல. 1930 செப்டம்பரில் மதம் மாறியவர். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் மேற்றிராணியாரோடு தகராறு. 'பிளாக் மிஸ்சிஃப்' நாவலை 'டாப்லட்' பத்திரிகை ஆபாசம் என்று சாடிற்று. அந்தப் பத்திரிகையின் சொந்தக்காரர் அன்று வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினாலேதான். வாஹ் கர்தினாலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அச்சிலும் ஏற்றி, கடைசியில் வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். பகிரங்கக் கடிதத்தை அந்தரங்கமாக வைத்துக்கொள்வது. இதைவிடக் கத்தோலிக்கமான ஹாஸ்யம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்றிராணிமார்கள் உரோமையில் கூடி, நாள் தவறாமல் லத்தீன் உரைகளைக் கேட்டுக் களைத்தார்கள். அவர்களுக்காக அர்ச். இராயப்பர் பேராலயத்தின் ஓரத்தில் காபிக் கடை வைக்கப்பட்டது. அதற்கு அவர்களே இட்ட பெயர் 'பார் யோனா'. சுவிசேஷத்தில் இராயப்பர் சீமோன் பார் யோனா, அதாவது யோனாவின் மகன் சீமோன்; பானம் விற்கிற 'பார்' நமக்கெல்லாம் தெரிந்ததே. சிரிக்கத் தெரிந்த மேற்றிராணிமார்கள்தாம், இல்லை என்று சொல்ல முடியாது. வாஹின் புகார் அவர்களுடைய சிரிப்பின் மேல் அல்ல, சிரத்தையின் மேல். அந்த நவம்பரிலேயே 'ஸ்பெக்டேட்டர்' வாரப் பத்திரிகையில் எழுதினார்: பூசையில் பங்கெடுப்பது என்பது குரல் எழுப்புவது அல்ல, யார் பங்கெடுக்கிறார்கள் என்பது கடவுளுக்கு மட்டுமே தெரிந்த சமாசாரம். இதை ஒரு பழமைவாதியின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடலாம். எனக்கு இது ஓர் இலக்கியக் கோட்பாடாகவே படுகிறது. வாசகன் கைதட்டினால்தான் வாசித்தான் என்று ஆகுமா?

வெஸ்ட்மின்ஸ்டர் மேற்றிராணியார் ஹீனனுக்கும் வாஹுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து 1996இல் புத்தகமாக வந்தது. அதில் ஹீனன் வாஹின் வருத்தத்தைப் பெருமளவு பகிர்ந்துகொள்கிறார். வெளியே வந்து, உரோமை சொன்னபடி மாற்றங்களை அமுல் நடத்துகிறார். இதை இரட்டை வேஷம் என்று வாஹ் சொல்லவில்லை. பழைய கத்தோலிக்கனுக்கு மேற்றிராணியார் என்றால் அப்படித்தான் இருப்பார். 1965இல் அவர் ஒரு திருச்சபைச் சட்ட நிபுணருக்கு எழுதிக் கேட்ட கேள்விதான் இன்னும் ருசியானது. சாவான பாவத்தில் விழாமல் இருப்பதற்கு, புதிய பூசைக்குப் போவதைக் குறைந்தபட்சம் எவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம்? வரி கட்டுகிறவன் ஆடிட்டரிடம் கேட்கிற தொனி. ஆனால் கேட்கிறவன் நரகத்தை நம்புகிறான். நம்பாதவன் கேட்டிருந்தால் அது வெறும் நையாண்டி.

1966 ஈஸ்டர் ஞாயிறன்று, நண்பரான ஒரு சேசு சபைக் குரு லத்தீனில் வைத்த பூசை கண்டு, வீடு திரும்பி, கழிவறையில் விழுந்து இறந்துபோனார் வாஹ். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆங்கில எழுத்தாளர்களும் கலைஞர்களும் பழைய பூசையைக் காப்பாற்றக் கோரி விண்ணப்பம் அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களே பலர், அகதா கிறிஸ்டி உட்பட. ஹீனன்தான் ஆறாம் பவுல் பாப்பரசரிடம் அதைக் கொண்டுபோனார். பாப்பரசர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்து, அகதா கிறிஸ்டி பெயரில் கண் நின்று, கையெழுத்துப் போட்டார் என்பது கதை. 1971இல் கிடைத்த அந்தச் சலுகைக்கு 'அகதா கிறிஸ்டி அனுமதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 2007இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பழைய பூசைக்குக் கதவைத் திறந்துவிட்டதும், 2021இல் பிரான்சிஸ் அதை மறுபடி இழுத்துச் சாத்தியதும் வாஹின் கதைகளில் வரக்கூடிய சங்கதிகள்.

இந்த ஹாஸ்யத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1988இல் உரோமையின் அனுமதியில்லாமல் நான்கு பேருக்கு மேற்றிராணிப் பட்டம் கொடுத்தாரே லெஃபெவ்ர், அவரிடம் சிரிப்பு முடிந்துவிட்டது. மேற்றிராணியாரைக் கேலி செய்கிறவனுக்கு மேற்றிராணியார் வேண்டும். தனக்கென்று நால்வரை உண்டாக்கிக்கொண்ட பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது? அமெரிக்கரான ஜே. எஃப். பவர்ஸுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. 1962இல் வந்த அவருடைய 'மார்ட் டி அர்பன்' நாவலில் மேற்றிராணியார் அடித்த கோல்ஃப் பந்து கதாநாயகனான குருவின் மண்டையில் விழுகிறது. அதிலிருந்துதான் அவர் ஆத்துமம் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமடைகிறது. தேவ கிருபை இப்படியும் வரும்.

கேலி மேற்றிராணியாரிடமிருந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் நுழையும்போதுதான் விஷயம் கனக்கிறது. பழைய கத்தோலிக்கன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற நினைக்கிற அந்தத் தொட்டி, நடுவில் சல்லடை வைத்த அந்த மரக்கூண்டு, ஆதியிலிருந்து வந்ததல்ல. வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 1215இல் லாத்தரன் சங்கம் விதித்தபோது இந்தக் கூண்டு இல்லை. பதினாறாம் நூற்றாண்டில், திரிதெந்தீன் சங்கத்தின் உற்சாகத்தோடு சீர்திருத்தத்தில் இறங்கிய மிலான் மேற்றிராணியார் கார்லோ பொரோமேயோதான் அளவும் அமைப்பும் சொல்லி அதைப் பரப்பியவர். சங்கம் முடிந்து ஊர் திரும்பி, புதுமை பண்ணின ஒரு நவீன மேற்றிராணியாரின் கைவேலை! அன்றும் யாரோ ஒரு கிழவர் மிலானில் முனகியிருப்பார். 1973இல் உரோமை புதிய சடங்குமுறையை வெளியிட்டு, முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தும் பாவம் சொல்லலாம் என்று வழி விட்டபோது அந்த முனகல் வேறு மொழிகளில் திரும்பக் கேட்டது.

வாஹின் 'ஸ்வார்ட் ஆஃப் ஹானர்' என்ற யுத்த நாவல் மூன்று பாகம் கொண்டது. ஒவ்வொரு பாகத்திலும் க்ரௌச்பாக் என்ற கதாநாயகன் ஒரு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறான். தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மனைவி விட்டுப்போய், இத்தாலியக் கடலோரத்தில் தனியாக எட்டு வருஷம் உறைந்து கிடந்தவன் அவன். 1939இல் யுத்தம் வரப்போகிறது என்றதும் ஊருக்குக் கிளம்புகிறான். கிளம்புமுன் உள்ளூர்க் கோவிலில் இத்தாலிய மொழியில் பாவம் சொல்கிறான். அந்த மொழி அவனுக்கு நன்றாகத் தெரியும், நுட்பங்கள் மட்டும் பிடிபடாது. அதனால் சட்டத்தை மீறிய சின்னச் சின்னக் குற்றங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். உள்ளே கிடக்கிற பாழ்நிலத்துக்குள் போக வேண்டியதில்லை. அதற்கு எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது என்று ஆசிரியர் அடுத்தாற்போல் சேர்த்துவிடுகிறார். அன்னிய மொழி ஒரு கேடயம். லத்தீனுக்காக வாஹ் நடத்திய போராட்டத்தை இந்த ஒரு பக்கம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் காப்பாற்ற விரும்பியது பேசுவதற்கு ஒரு மொழியையா, பேசாமல் இருப்பதற்கு ஒரு மொழியையா?

இங்கே நம் கரையின் ஞாபகம் வராமல் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறையில் வந்திறங்கிய சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. துபாஷிகளை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். 1580இல் அண்ட்ரிக் அடிகளின் பாவசங்கீர்த்தனக் கையேடு தமிழில், கொச்சியில் அச்சானது. தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்று, ஒருவன் தன் குற்றத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்றுத்தருகிற புத்தகம்! க்ரௌச்பாக்குக்கு நேர் எதிர் நிலைமை. இங்கே அன்னியன் சல்லடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். 'பாவசங்கீர்த்தனம்' என்ற சொல்லையே பாருங்கள். சங்கீர்த்தனம் என்றால் ஊரறிய உரக்கப் பாடுவது. யார் காதிலும் விழாமல் கிசுகிசுக்கிற ஒன்றுக்கு இந்தப் பெயர். சங்கத்துக்குப் பிறகு சீர்திருத்தத் தமிழ் வந்தது. மேற்றிராணியார் ஆயரானார், பூசை திருப்பலியாயிற்று, பாவசங்கீர்த்தனம் 'ஒப்புரவு' என்றாகிவிட்டது. வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கிய சொல், ஆனால் அவரிடம் அது ஊருக்கு உபகாரம் செய்வதைப் பற்றியது. ஆக, பழைய சொல்லும் உரக்கக் கத்துகிறது, புதிய சொல்லும் சந்தைவெளியில் நிற்கிறது. கிசுகிசுப்புக்குத் தமிழில் இன்னும் பெயர் வைத்தாகவில்லை.

இரண்டாவது பாவசங்கீர்த்தனம் அலெக்சாந்திரியாவில். சல்லடைக்கு அப்பாலிருக்கிற பாதிரி படை நடமாட்டம் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். உளவாளியாயிருக்கும் என்று க்ரௌச்பாக் மேலிடத்துக்குத் தெரிவிக்கிறான். இதை வெறும் கோமாளித்தனமாகப் படித்துவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் உளவாளியேயானாலும், அவர் கொடுத்த பாவமன்னிப்பு செல்லும். கொடுக்கிறவனின் யோக்கியதையைப் பொறுத்தது அல்ல தேவத்திரவிய அனுமானம் என்பது பழைய போதனை. வாஹின் சிரிப்பு முழுவதும் இந்த ஆளில்லாத்தன்மையின் மேல் நிற்கிறது. சல்லடைக்கு அப்பால் இருக்கிறவர் முட்டாளாயிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம், எதிரி சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கலாம், இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால்தான் கேலி செய்ய முடிகிறது. புன்னகையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளில் கை வைத்து, 'சொல்லுப்பா' என்கிற நவீன சாமியாரைக் கேலி செய்தால் அது அந்த மனிதரையே புண்படுத்துவதாகிவிடும்.

மூன்றாவது, தென் இத்தாலியில் பாரி நகரில். கேடயம் இங்கே உடைகிறது. தனக்குச் சாக ஆசையாயிருக்கிறது என்று க்ரௌச்பாக் சொல்லிவிடுகிறான். பாழ்நிலத்திலிருந்து வருகிற முதல் வார்த்தை. பாதிரி வழக்கப்படி எத்தனை தடவை என்று விசாரிக்கிறார். பிறகு சரியாகக் காதில் விழவில்லை போலும், என்ன செய்ய ஆசை என்று திரும்பக் கேட்கிறார். தெரிந்ததும், இந்தக் காலத்தில் இது சகஜம், பாவமே இல்லை, வீண் சஞ்சலம் என்று முடித்துவிடுகிறார். பாவமன்னிப்பு ஆனதும், நீ வெளிநாட்டானா என்கிறார். ஆமாம் என்றதும், சிகரெட் இருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் முதலில் படித்தபோது உரக்கச் சிரித்தேன். அடுத்த முறை சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதன் சாக விரும்புவதாகச் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை. மன்னிப்பு செல்லும், ஆனால் கேட்கப்படவில்லை. 1973இன் மேற்றிராணிமார்கள் முகத்துக்கு முகம் உட்காரச் சொன்னதில் இந்த இடத்தைப் பற்றிய ஓர் உணர்வு இருந்திருக்க வேண்டும் என்று பழைய கத்தோலிக்கனுக்கு யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அதைச் சொன்னது வாஹேதான், சங்கம் கூடுவதற்கு முந்தின வருஷம், அதே நாவலின் கடைசிப் பாகத்தில். யூகோஸ்லாவியாவில் சிக்கிக்கொண்ட யூத அகதிகளைக் காப்பாற்ற க்ரௌச்பாக் பாடுபடுகிறான். அவர்களில் கான்யி என்ற பெண், யுத்தத்தை விரும்பியவர்கள் நாஜிகள் மட்டும் அல்ல, கொன்றும் கொல்லப்பட்டும் தங்கள் மானத்தை நிலைநாட்டிக்கொள்ள நினைத்த நல்லவர்களும்தான் என்கிறாள். தானும் அவர்களில் ஒருவன், கடவுள் மன்னிக்கட்டும் என்கிறான் அவன். சல்லடை இல்லை, லத்தீன் இல்லை, குரு இல்லை. எதிரே நிற்பவள் கிறிஸ்தவளே அல்ல. மூன்று பாகத்திலும் அவன் செய்த பாவசங்கீர்த்தனங்களில் இது ஒன்றுதான் கேட்கப்பட்டது.

இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாரம்பரியவாதி தன் கட்சியைக் கைவிட்டுவிடவில்லை. மேலும் ஐந்து வருஷம் லத்தீனுக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். நாவலாசிரியருக்குத் தெரிந்தது கடிதம் எழுதியவருக்குத் தெரியாமல் போவது புதிதல்ல. நம்மிடமும் உதாரணங்கள் உண்டு, பெயர் சொன்னால் சண்டை வரும். வாஹ் அந்தப் பெண்ணையும் சும்மா விடவில்லை. க்ரௌச்பாக் போகிறபோது அவளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு வந்த அமெரிக்கப் படப் பத்திரிகைக் கட்டு அவள் அறையில் கண்டெடுக்கப்படுகிறது. மக்கள் நீதிமன்றத்தில் அது எதிர்ப்புரட்சிப் பிரசுரம் என்று சாட்சியமாகிவிடுகிறது. இந்தச் செய்தியை யாரோ ஓர் அதிகாரி அவனிடம் போகிற போக்கில் சொல்கிறான்.