ஆர்எக்ஸ் 580-ஆ, ஜிடிஎக்ஸ் 1060-ஆ? பழைய கார்டும் பழைய விமர்சனமும்

அக்கா மகன் வாழப்பாடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து சேலத்துக்குப் போய் டிப்ளமோ படிக்கிறான். லீவு நாளில் பாக்கு உரிக்கிற வேலைக்குப் போய் ஏழாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கணும். எனக்கு ரெண்டு வீடியோ அனுப்பினான். ஒன்றில் ரேடியான் ஆர்எக்ஸ் 580 ஜெயிக்கிறது. இன்னொன்றில் ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1060 ஜெயிக்கிறது. கூடவே ஒரு கேள்வி: "மாமா, இதுல எவன் பொய் சொல்றான்?"

யாரும் பொய் சொல்லலை. ரெண்டு பேர் அளந்ததும் சரிதான். ஆனா அவர்கள் அளந்த பொருள் வேறு, இவன் வாங்கப் போகிற பொருள் வேறு. இந்த ரெண்டு கார்டையும் ஒப்பிட்டு எத்தனையோ விமர்சனங்கள் கிடக்கின்றன. அதில் பெரும்பாலானவை புதுசா டப்பா பிரித்த கார்டைப் பற்றியவை. எட்டு, ஒன்பது வருஷம் ஓடிய கார்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவை எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் காகிதத்தில் உள்ளதைப் பார்த்துவிடுவோம். ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) 2016 ஜூலையில் வந்தது. 1280 கோர், 192 பிட் மெமரி பாதை, நொடிக்கு 192 ஜிபி வேகம், மின்சாரம் 120 வாட். அறிவித்த விலை 249 டாலர். ஆர்எக்ஸ் 580 2017 ஏப்ரலில் வந்தது. 2304 கோர், 256 பிட், நொடிக்கு 256 ஜிபி, 185 வாட். 8 ஜிபி மாடலின் விலை 229 டாலர். 580 முழுக்கப் புது கார்டும் இல்லை. 2016 ஜூனில் 150 வாட்டில் வந்த ஆர்எக்ஸ் 480-ஐயே கொஞ்சம் வேகமாக முடுக்கிவிட்டார்கள். கூடின வேகத்துக்குக் கொடுத்த விலைதான் அந்த 35 வாட்.

"2304 எங்கே, 1280 எங்கே" என்று கேட்கக் கூடாது. ரெண்டு கம்பெனியின் கோரும் ஒரே அளவு வேலை செய்பவை அல்ல. விளையாடிப் பார்த்தால் ரெண்டும் தோளோடு தோள் நிற்கும். எந்த கேமை எடுத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் யார் முன்னால் என்பது மாறும். டைரக்ட்எக்ஸ் 11-ல் ஓடும் ஜிடிஏ 5 மாதிரி கேம்களில் 1060-க்குத் தெம்பு அதிகம். வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 என்று வந்தால் 580 முந்தும். 2019 நவம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் 580 தெளிவாகவே முன்னால் நின்றது. காரணம் ஒண்ணும் மர்மம் இல்லை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டுக்குள்ளேயும் இருந்தது ஏஎம்டி சிப். பெரிய கேம்களை எழுதுகிறவர்கள் அந்த சிப்பின் போக்குக்கு ஏற்பவே வருஷக்கணக்கில் எழுதிப் பழகிவிட்டார்கள். அதனால் 2017 விமர்சனத்தில் சமமாக இருந்த 580, பிந்தைய கேம்களில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. அக்கா மகன் அனுப்பிய ரெண்டு வீடியோவுக்கும் உள்ள முரண்பாடு இவ்வளவுதான்: ஒருவர் எடுத்தது பழைய கேம், மற்றவர் எடுத்தது புது கேம்.

இப்போ என் குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை, சோதனை மேசை. கிராபிக்ஸ் கார்டை மட்டும் அளக்கணும் என்பதற்காக, விமர்சகர்கள் சந்தையில் இருக்கிற நல்ல பிராசஸராகப் பார்த்துப் போடுகிறார்கள். அது சரியான முறைதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஏழாயிரம் ரூபாய்க்கு கார்டு தேடுகிறவன் வீட்டில் அந்தப் பிராசஸர் இருக்காது. எங்க பையன் வைத்திருப்பது ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்ட நான்காம் தலைமுறை ஐ5. மெதுவான பிராசஸரில் டைரக்ட்எக்ஸ் 11 கேம் ஓட்டும்போது ஏஎம்டி டிரைவர் பிராசஸரிடம் கூடுதல் வேலை வாங்கும். வீடியோவில் சமமாகத் தெரிந்த கேமில், இவன் மேசையில் 580 திக்கும். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் இதே கதை தலைகீழாகும். அங்கே என்விடியா டிரைவர்தான் பிராசஸரைப் பிழியும். ஆக, "எது வேகம்" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த கேம், எந்தப் பிராசஸர்" என்று கேட்டாகணும்.

அதைவிடப் பெரிய விஷயம் பவர் சப்ளை. இப்படிப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 290 வாட் மாதிரி சின்ன சப்ளைதான் இருக்கும். கார்டுக்குத் தனியாகப் போகிற வயரே அதில் இருக்காது. 1060-க்குப் பொதுவாக ஒரு 6 பின் வயர் வேணும், 580-க்கு 8 பின். அதாவது ரெண்டில் எதை வாங்கினாலும் சப்ளையையும் மாற்றணும். சில கம்பெனி மதர்போர்டுக்கு அதற்கென்று ஒரு மாற்று வயரும் தேவைப்படும். கார்டின் விலை என்று போட்டிருப்பது முழு விலை இல்லை என்பதை எந்த ஒப்பீட்டு வீடியோவும் முதல் நிமிஷத்தில் சொல்வதில்லை.

கரண்ட் பில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. "580 கரண்டைக் குடிக்கும், பில் எகிறும்" என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 65 வாட். தினம் 3 மணி நேரம், 60 நாள் விளையாடினால் 11.7 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் ரெண்டு மாசத்துக்கு அறுபது ரூபாய்கூட வராது. உங்க வீடு 500 யூனிட் வரம்பை ஒட்டி நின்றால் மட்டும் யோசிக்கணும், அதைத் தாண்டினா கணக்குப் போடுகிற அட்டவணையே மாறிடும். மற்றபடி இந்த வாதம் வெறும் பயமுறுத்தல்.

உண்மையான சிக்கல் யுபிஎஸ்ஸிலும் வெயிலிலும் இருக்கு. நம்ம பக்கம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது சுமார் 360 வாட். 580-க்கு 185, பிராசஸருக்கு 84, மானிட்டருக்கு 25, மற்றதுக்கு 30 என்று கூட்டினால் 324. விளிம்பில் நிற்கிறது. திடீர்னு ஒரு நொடி கூடுதலாக இழுத்தாலும், கரண்ட் போன அந்த நொடியிலேயே எல்லாம் அணைந்துவிடும். 1060 போட்டால் 259, மூச்சு விட இடம் இருக்கு. அப்புறம் வெப்பம். விமர்சனத்தில் "75 டிகிரி" என்று எழுதியிருப்பது ஏசி அறையில் எடுத்த அளவாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும். தகரமோ அஸ்பெஸ்டாஸோ போட்ட அறை என்றால் இன்னும் மோசம். அந்த அறைக்குள் கார்டு கொட்டுகிற 185 வாட்டும் சூடாகத்தான் மாறும், வேறெங்கும் போகாது. விசிறி கத்தும், கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ரெண்டாவது குறை, பெயர். விமர்சனம் ஒரு மாடலைப் பற்றிப் பேசுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவன் வாங்குவது ஒரே ஒரு பீஸை. அந்தப் பீஸ் உண்மையில் என்ன என்பது முதல் கேள்வி.

2018 அக்டோபரில் சீனச் சந்தைக்காக 2048 கோர் மட்டும் உள்ள ஒரு 580 வந்தது. உள்ளபடி பார்த்தால் அது ஆர்எக்ஸ் 570-தான், ஸ்டிக்கர் மட்டும் 580. பழைய கார்டாக அது இப்போ எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. 1060 பக்கமும் யோக்கியம் இல்லை. 2016 ஆகஸ்டில் வந்த 3 ஜிபி 1060-இல் மெமரி மட்டும் குறையவில்லை, கோரும் 1152-ஆகக் குறைந்தது. பெயரை மட்டும் மாற்றவில்லை. இது என்விடியா செய்த வேலை. கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. இது போக, மானிட்டர் இணைப்பே இல்லாத பி106 என்கிற மைனிங் கார்டு இருக்கு. ரொம்பப் பழைய கார்டின் பயாஸை மாற்றி 1060 என்று காட்டும் முழுப் போலிகளும் இருக்கு.

மைனிங்கை மறக்க முடியாது. 580 ஒரு காலத்தில் எத்தீரியம் தோண்டுகிறவர்களின் செல்லப்பிள்ளை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டது. தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு செத்துப்போகாது. ஆனா இரவும் பகலும் சுற்றிய விசிறி தேய்ந்திருக்கும், மெமரி சிப் ஓயாமல் சூட்டில் கிடந்திருக்கும், மெமரி வேகத்துக்காக பயாஸைக் கிண்டியிருப்பார்கள். 1060-ஐயும் மைனிங்கில் ஓட்டினார்கள், ஆனா 580 வாங்கும்போது சந்தேகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளணும்.

மூன்றாவது குறை, வருஷம். 2017-இல் எழுதிய விமர்சனம் 2017-இலேயே நின்றுவிட்டது. "8 ஜிபி இருக்கு, பின்னாடி உதவும்" என்று அப்போது எழுதியவர்கள் பாதி சரி. 2023-க்குப் பிறகு வந்த பல கேம்களில் டெக்ஸ்சரைக் கூட்டி வைத்தால் 6 ஜிபி திணறும், 8 ஜிபி சமாளிக்கும். இதில் 580 சந்தேகமில்லாமல் மேல். ஆனா மீதிப் பாதியை மெமரி காப்பாற்றவில்லை. 2023-இல் வந்த ஆலன் வேக் 2 கேட்ட மெஷ் ஷேடர் வசதி ரெண்டு கார்டிலும் கிடையாது. பிறகு வந்த ஒரு திருத்தம் கொஞ்சம் நிலைமையைத் தேற்றியது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ரெண்டும் ரே டிரேசிங் இல்லாத கார்டை வாசலிலேயே நிறுத்திவிடும். அங்கே 8 ஜிபி இருந்து என்ன பயன்?

டிரைவர் விஷயத்திலும் ரெண்டுக்கும் மாலை நேரம்தான். 580 வகைக் கார்டுகளை ஏஎம்டி 2023 கடைசியிலேயே தனி வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. என்விடியா 2025 அக்டோபர் வரை 1060-க்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதாகவும், அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்றும் அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், 1060-க்கு ஆயுள் நீட்டித்தது ஏஎம்டிதான். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். 2021 ஜூனில் ஏஎம்டி கொண்டுவந்த எஃப்எஸ்ஆர், போட்டியாளரின் பழைய கார்டிலும் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஸ்டீம் கணக்கெடுப்பில் வருஷக்கணக்காக முதலிடத்தில் இருந்த கார்டு 1060. அத்தனை பேருக்கும் இது கைகொடுத்தது.

விளையாட்டைத் தாண்டியும் ஒரு வித்தியாசம் உண்டு. பிளெண்டர் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் 1060-தான். 2021-இல் வந்த பிளெண்டர் 3.0-இலிருந்து 580-ஐ வைத்து சைக்கிள்ஸில் ரெண்டர் செய்ய முடியாது. அதே சமயம் லினக்ஸ் பயன்படுத்துகிறவருக்கு 580 நல்ல துணை. அதன் டிரைவர் திறந்த மூலம், கம்பெனி கைவிட்டாலும் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, என் தீர்ப்பு. நல்ல பிராசஸர், 500 வாட் சப்ளை ஏற்கெனவே இருக்கிறவருக்கு, உண்மையான 2304 கோர் 580 குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதுவே மேல். ஆபீஸ் கம்ப்யூட்டர், 600 விஏ யுபிஎஸ், சூடான அறை என்றால் 1060 6 ஜிபி. சப்ளையை மாற்றவே வழியில்லை என்றால் ரெண்டும் வேண்டாம். 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி வயர் கேட்காத மாடலாகப் பாருங்க, 1060-ஐ விடக் கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். 3 ஜிபி 1060-ஐ எந்த விலைக்கும் தொட வேண்டாம்.

எதை வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் ஜிபியு-இசட் போட்டு கோர் எண்ணிக்கையைப் பாருங்க. பிறகு கால் மணி நேரம் ஃபர்மார்க் ஓட்டி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறி எப்படிக் கத்துகிறது என்று கவனிங்க. ஓட்டிக்காட்ட மறுக்கிற இடத்தில் வாங்காதீங்க.

பையன் பென்டிரைவில் ரெண்டையும் போட்டுக்கொண்டு சேலம் போனான். 580 என்று காட்டிய கார்டில் 2048 என்று வந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, கேம் ஓடும்ல" என்றாராம் விற்றவர். கேம் ஓடும்தான். ஆனா கேட்டது 580-இன் விலை. வெறும் கையோடு பஸ் ஏறி வந்துவிட்டான். ரெண்டு வாரம் கழித்து வேறொருவரிடம் ஐயாயிரத்துக்கு ஒரு 1060 6 ஜிபி கிடைத்தது, மிச்சம் சப்ளைக்குப் போச்சு. மாற்று வயருக்கு அக்கா காசு கொடுத்தாள்.

இந்தியானா ஜோன்ஸ் ஓடாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினான். அந்த ரெண்டு வீடியோவும் அவனுக்குச் சொல்லாமல் விட்டது அதைத்தான்.